ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு கணக்கு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்

உந்த அழிவின்மை விதியைப் பயிலும் எந்த மாணவனும் துப்பாக்கிக் கணக்கு ஒன்றைப் போடாமல் தப்ப முடியாது. துப்பாக்கியின் நிறை இவ்வளவு. குண்டின் நிறை இவ்வளவு. குண்டு இன்ன வேகத்தில் வெளியேறுகிறது. அப்படியானால் துப்பாக்கி என்ன வேகத்தில் பின்னோக்கி உதைக்கும்? இதுவே வினா. விடையை எழுதி அடிக்கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறோம். அந்தக் குண்டு எங்கே போய்ச் சேர்ந்தது என்று எவரும் கேட்பதில்லை. கேட்டாலும் அதற்கு மதிப்பெண் கிடையாது!

நான் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ஊர் மலையடிவாரத்தில் இருக்கிறது. நான் மூன்றாம் வகுப்பில் படித்தபோது, நிலக்கடலைக் காட்டுக்கு இரவுக் காவல் போன என் தந்தையை ஒரு காட்டுப்பன்றி தொடையில் கிழித்துவிட்டது. அதற்கு இரண்டு நாள் முன்பு எவரோ நாட்டுத் துப்பாக்கியால் சுட்டுக் காயத்தோடு தப்பவிட்ட பன்றி அது. சுட்டவர் யாரென்று இன்றுவரை தெரியாது. தந்தை இன்றும் இடக்காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார். ஏர் பிடிக்க இயலாது போன பிறகு, இவனாவது பேனா பிடிக்கட்டும் என்று என்னைப் பள்ளியை விட்டு நிறுத்தாமல் படிக்க வைத்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்.

ஆகவே, கல்லூரி நூலகத்தில் ஜிம் கார்பெட்டின் வேட்டை நூலை நான் கையில் எடுத்தபோது வெறும் பொழுதுபோக்குக்காக மட்டும் எடுக்கவில்லை. அவருடைய வாழ்வை, அவர் தோளில் சுமந்த துப்பாக்கிகளின் வழியே என் நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இளமையும் முதல் துப்பாக்கியும்

எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் 1875ஆம் ஆண்டு சூலை 25ஆம் நாள் இமயமலைச் சாரலில் உள்ள நைனிதாலில் பிறந்தார். தந்தை அவ்வூரின் அஞ்சல் நிலைய அதிகாரி. பெரிய குடும்பம். ஜிம்முக்கு ஆறு வயது நிரம்புமுன்பே தந்தை காலமானார். கோடையில் நைனிதால், குளிர்காலத்தில் மலையடிவாரக் காலாடுங்கி என்று தாயின் அரவணைப்பில் பிள்ளைகள் வளர்ந்தார்கள். காலாடுங்கிக் காடுதான் சிறுவனுக்கு உண்மையான பள்ளிக்கூடம். பறவையின் குரலையும் மானின் அபயக் குரலையும் கேட்டே, புலி எந்தப் புதரில் நகர்கிறது என்று சொல்லிவிடும் ஆற்றலை அவர் அங்கேதான் பெற்றார்.

அவர் கைக்கு வந்த முதல் துப்பாக்கி, குழலின் வாய்வழியே மருந்தையும் குண்டையும் இட்டுக் கெட்டிக்கும் பழைய இரட்டைக்குழல். அதன் குழல்களில் ஒன்று வெடித்துப் பிளந்திருந்தது. அடிக்கட்டை பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. உறவினர் ஒருவர் இரவலாகத் தந்தது. ஒரு குழல் மட்டுமே வேலை செய்யும். மருந்தோ விலை மிகுந்தது. ஒருமுறை சுட்டால் மறுபடி கெட்டிப்பதற்குள் காட்டுக்கோழி அடுத்த மேட்டைத் தாண்டிவிடும். வறுமை அவருக்குக் கற்பித்த முதற்பாடம் இதுதான்: கிட்ட நெருங்கு, உறுதியானால் மட்டும் சுடு, ஒன்றை வீணாக்காதே.

பிறகு பள்ளியின் மாணவர் படையில் சேர்ந்தபோது .450 மார்ட்டினி ரைபிள் அவருக்குக் கிடைத்தது. குளிர்கால விடுமுறையில் அதைக் காட்டுக்கு எடுத்துச் செல்லப் பயிற்சி அதிகாரி இசைந்தார். ஆனால் ரைபிளைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் கூடுகளைத் திருப்பித் தர வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கும் அந்தக் கணக்குப் பழக்கம், கார்பெட்டை வாழ்நாள் முழுதும் விட்டு நீங்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

மார்ட்டினி ஒரு சிறுவனுக்கு ஏற்ற ஆயுதமே அன்று. அதன் ஈயக்குண்டு 31 கிராம். வேகமோ நொடிக்கு ஏறத்தாழ 410 மீட்டர்தான். பெருங்குண்டு, குறைந்த வேகம், தோளை நொறுக்கும் உதை, கண்ணை மறைக்கும் கரிமருந்துப் புகை. எனினும் அதைக் கொண்டே அவர் பள்ளிப் பருவத்திலேயே ஒரு சிறுத்தையைச் சுட்டார்.

மேற்படிப்புக்கு வசதியில்லை. ஏறத்தாழ 18 வயதில் இரயில்வே வேலைக்குப் போனார். பின்னர் கங்கைக் கரையிலுள்ள மொகாமா காட்டில், ஒரு பாதையின் வண்டியிலிருந்து மறு பாதையின் வண்டிக்குச் சரக்கு மாற்றும் ஒப்பந்தத்தை எடுத்துத் தொழிலாளர்களோடு தாமும் ஒருவராய் 20 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். உலகம் போற்றிய வேட்டைக்காரருக்கு வேட்டை ஒருநாளும் பிழைப்பாக இருந்ததில்லை.

சம்பாவத் தந்த பாடம்

1907ஆம் ஆண்டு. குமாவுன் மலைநாட்டின் சம்பாவத் பகுதியில் ஒரு பெண்புலி மனிதரைத் தின்று வந்தது. நேபாளத்திலும் குமாவுனிலுமாக அது கொன்றவர்கள் 436 பேர் என்பது கணக்கு. பகலிலும் மக்கள் கதவைத் திறக்க அஞ்சினார்கள். கார்பெட் இரண்டு நிபந்தனைகளோடு சென்றார்: அரசு அறிவித்த பரிசு நீக்கப்பட வேண்டும்; மற்ற வேட்டைக்காரர்கள் திரும்ப அழைக்கப்பட வேண்டும். பரிசுக்காகக் கொல்பவர் என்ற பெயர் தமக்கு வேண்டாம் என்பது ஒன்று. பிறர் குண்டு தம்மேல் பாயலாம் என்பது மற்றொன்று.

தாசில்தார் திரட்டிய ஊர்மக்கள் மலைமேல் வரிசையாக நின்று பறை முழக்கிப் புலியைக் கலைத்தார்கள். கார்பெட்டின் கையில் .500 ரைபிள், பையில் மூன்றே தோட்டாக்கள். இரண்டு முறைக்கு மேல் சுட வாய்ப்பு வராது, மூன்றாவது ஆபத்துக்கு உதவும் என்று எண்ணியிருந்தார். மூன்றும் தீர்ந்தன, காயம்பட்ட புலி இன்னும் எதிரே நின்றது. ஓடிப்போய்த் தாசில்தாரின் கையிலிருந்த பழந்துப்பாக்கியைப் பறித்து வந்தார். குழலுக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே இடைவெளி தெரியும் துப்பாக்கி அது. 20 அடி தூரத்தில் திறந்த வாயைக் குறிபார்த்துச் சுட்டார். குண்டு பட்டதோ முன்பாதத்தில்! நல்லவேளையாக, முன்னர் பட்ட காயங்களாலேயே புலி சரிந்தது.

புலியை ஆராய்ந்தபோது கார்பெட் கண்டதுதான் இந்த வரலாற்றின் உயிர்நாடி என்பேன். அதன் வலப்பக்கத்துக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. மேற்பல் பாதியும், கீழ்ப்பல் எலும்புவரையும் போயிருந்தன. பழைய துப்பாக்கிக் காயம்! எவனோ ஒருவன் என்றோ குறிதவறிச் சுட்டுவிட்டுப் போய்விட்டான். பல்லிழந்த புலியால் மானையும் கடமானையும் பிடிக்க முடியவில்லை, மனிதனைப் பிடித்தது. ஒரு பிழைபட்ட குண்டு, 436 உயிர்கள். இந்த இடத்தைப் படித்தபோது நூலை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் நிலக்கடலைக் காடு கண்முன் வந்தது.

இருபெரும் தோழர்கள்

சம்பாவத் மக்களின் துயர் தீர்த்ததற்காக, ஐக்கிய மாகாணத்தின் துணை ஆளுநர் சர் ஜான் ஹெவெட், கார்பெட்டுக்கு ஒரு ரைபிளைப் பரிசளித்தார். அதுவே .275 ரிக்பி. பரிசின் காரணத்தைக் கூறும் வெள்ளித்தகடு ஒன்று அதன் அடிக்கட்டையில் பதிக்கப்பட்டிருந்தது. தாசில்தாருக்கும் ஒரு துப்பாக்கி பரிசாகக் கிடைத்தது.

ரிக்பி இலண்டன் கம்பெனி. ரைபிளின் இயக்கப் பகுதி செர்மானிய மாசர் முறையைச் சார்ந்தது. தோட்டாவும் மாசரின் 7 மி.மீ. தோட்டாவே, 7 மி.மீட்டரை அங்குலத்தில் எழுதினால் ஏறத்தாழ .275 வரும். அதுதான் பெயர்க் காரணம். குண்டின் நிறை 9 கிராம் அளவே. வேகமோ நொடிக்கு ஏறத்தாழ 840 மீட்டர். பெருக்கிப் பார்த்தேன். இயக்க ஆற்றல் 3,200 ஜூலை ஒட்டி வருகிறது. 31 கிராம் குண்டுடைய மார்ட்டினிக்கோ 2,600 ஜூல்தான். வேகத்தின் இருமடி செய்யும் விந்தை இது! அதே சமயம் ரிக்பியின் உந்தம் மார்ட்டினியின் உந்தத்தில் முக்கால் பங்குக்கும் குறைவு. ஆகவே தோளில் உதையும் குறைவு. உதைக்கு அஞ்சாத கை நடுங்காது. நடுங்காத கை குறி தவறாது. செங்குத்தான மலையில் நாள் முழுதும் ஏறியிறங்கி, மானும் மலையாடும் சுட ஏறத்தாழ மூன்றரைக் கிலோ எடையுள்ள இந்த ரைபிளைவிடத் தக்க துணை வேறென்ன இருக்க முடியும்?

மற்றொரு தோழர் ஜெஃப்ரி கம்பெனியின் .450/400 இரட்டைக்குழல் ரைபிள். .450 அளவுத் தோட்டாக் கூட்டின் கழுத்தை நெருக்கி .400 அளவுக் குண்டு பொருத்தப்பட்டதால் அந்த இரட்டைப் பெயர். குண்டு 26 கிராம். வேகம் நொடிக்கு 640 மீட்டர் அளவு. ஆற்றல் 5,300 ஜூலை நெருங்கும். ரிக்பியில் ஒருமுறை சுட்டபின் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளினால்தான் அடுத்த தோட்டா ஏறும். இரட்டைக்குழலிலோ விரலை அடுத்த விசைக்கு மாற்றினால் போதும். பாயும் புலிக்கு முன் அந்த ஒரு நொடிதான் உயிர். ஆனால் எடை அதிகம். உதை இரு மடங்குக்கும் மேல்.

எது சிறந்தது? இரண்டின் வேலையும் வேறு என்பதைக் கார்பெட்டின் வாழ்வே காட்டுகிறது.

1930ஆம் ஆண்டு ஏப்ரல் 11. 64 பேரைக் கொன்ற சௌகர் பெண்புலியைத் தேடிப் போகிறார். வழியில் கண்ட பக்கிக்குருவியின் முட்டைகள் இரண்டை இடக்கையில் ஏந்தியிருக்கிறார், வலக்கையில் ரிக்பி. பாறையைச் சுற்றித் திரும்பினால், எட்டடித் தூரத்தில் புலி! சட்டென அசைந்தால் பாய்ந்துவிடும். ஒற்றைக் கையாலேயே ரைபிளை மெல்ல, மிக மெல்லத் திருப்பிச் சுட்டார், புலி வீழ்ந்தது. கையில் இருந்தது கனத்த ஜெஃப்ரியாக இருந்திருந்தால் கதை வேறாக முடிந்திருக்கும். பிறகு முட்டைகளை உடையாமல் கொண்டுபோய் அதே இடத்தில் வைத்துவிட்டு வந்தார்!

1938ஆம் ஆண்டு நவம்பர் 30. தாக் என்னும் ஊரில் அவருடைய கடைசி ஆட்கொல்லி. அவருக்கு வயது 63. மங்கிய மாலையில் ஒரு பாறைமேல் அமர்ந்து, பெண்புலியைப் போலவே தாமும் குரல் கொடுத்து அதை அழைத்துச் சுட்டார். இம்முறை கையில் இருந்தது ஜெஃப்ரி. அதன் உதை அவரைப் பாறையிலிருந்து கீழே, தம் ஆட்களின் மேலேயே தள்ளிவிட்டது. நாம் வகுப்பில் போட்ட கணக்கு இதுதான்! அந்தப் புலியின் உடலிலும் பழைய துப்பாக்கிக் காயங்கள் இரண்டு இருந்தன, ஒன்று சீழ்பிடித்திருந்தது.

குறையும் நிறைவும்

கார்பெட்டிடம் குறையே இல்லை என்று நான் எழுத மாட்டேன். எவருக்கும் தீங்கு செய்யாத பவல்கர் பெரும்புலியை 1930ஆம் ஆண்டில் வேட்டை விருப்பத்துக்காகவே சுட்டார். அதில்கூட முதற்குண்டு சரியாகப் படாதபோது, காயம்பட்ட புலியை அப்படியே விட்டுவிடாமல், நாள்கணக்கில் உயிரைப் பணயம் வைத்துத் தேடிச் சென்று முடித்தார். காயப்படுத்தியவனே கணக்கைத் தீர்க்க வேண்டும் என்பது அவர் கொண்டிருந்த அறம்.

காலப்போக்கில் துப்பாக்கியைவிடக் காமிரா அவர் கையில் மிகுந்தது. சினிமாப் படச்சுருளில் புலிகளைப் பதிவு செய்தார். 1936இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா ஹெய்லி பெயரால் அமைந்ததில் அவர் பங்கு பெரிது. 1947இல் தமக்கை மேகியுடன் கென்யாவுக்குக் குடிபெயர்ந்தார். 1955 ஏப்ரல் 19இல் நியேரியில் மறைந்தார். பின்னர் அப்பூங்காவுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 1973இல் புலிப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பட்டதும் அங்கேதான். அவருடைய ரிக்பியை அதைச் செய்த கம்பெனியே 2015இல் திரும்ப வாங்கியது. 2016இல் அது இந்தியாவுக்கு ஒருமுறை பயணமாக வந்து சென்றது.

சென்ற விடுமுறையில் இந்த வரலாற்றை என் தந்தைக்குச் சொன்னேன். ஜூலும் உந்தமும் அவருக்குத் தேவைப்படவில்லை. திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து முழுவதும் கேட்டார். அந்த மனிதர் தாம் காயப்படுத்திய மிருகத்தைத் தேடிப் போவாரா என்று மட்டும் கேட்டார். போவார் என்றேன். தலையை மெல்ல அசைத்தார்.

மாணவ நண்பர்களே! 1972ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பின் வேட்டை நமக்கு உரியதன்று, உரியதாகவும் வேண்டாம். ஆனால் நாம் ஒவ்வொருவரும் ஏதேனும் ஓர் ஆற்றலைக் கையில் ஏந்தித்தான் இக்கல்லூரியை விட்டு வெளியேறப் போகிறோம். சிலர் மருந்து கொடுப்போம், சிலர் பாடம் சொல்வோம், சிலர் கோப்பில் கையெழுத்திடுவோம். அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று தேடிப்போய்ப் பார்ப்பதும் நம் கணக்கில் சேர்ந்ததே.