டி. வி. சுந்தரம் அய்யங்கார்

டி. வி. சுந்தரம் அய்யங்கார் (மார்ச் 22, 1877 - ஏப்ரல் 28, 1955) தமிழ்நாட்டைச் சேர்ந்த தொழிலதிபர், டி. வி. எஸ். குழுமத்தின் நிறுவனர். தென்னிந்தியாவில் சாலைப் போக்குவரத்துத் தொழிலின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார்.

வாழ்க்கைக் குறிப்பு

இவர் திருநெல்வேலி மாவட்டத்திலுள்ள திருக்குறுங்குடியில் பிறந்தார். வழக்கறிஞராகத் தொடங்கி, பின்னர் இரயில்வேயிலும் வங்கியிலும் பணியாற்றினார். அப்பணிகளை விட்டு 1911 இல் தமது பெயரில் நிறுவனம் தொடங்கினார். 1912 இல் பேருந்துப் போக்குவரத்தில் இறங்கினார். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்த இந்நிறுவனம், சதர்ன் ரோடுவேஸ் என்ற பெயரில் பேருந்துகளையும் சரக்குந்துகளையும் (லாரி) இயக்கியது.

இவருடைய மகள் மருத்துவர் டி. எஸ். சௌந்தரம், கணவர் கோ. இராமச்சந்திரனுடன் இணைந்து 1947 இல் காந்திகிராமத்தை நிறுவினார்.

வாகன விற்பனை

இவர் தொடங்கிய சுந்தரம் மோட்டார்ஸ், 1950களில் ஜெனரல் மோட்டார்ஸ் வாகனங்களின் மிகப்பெரிய விநியோக நிறுவனமாக விளங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாயில் செவர்லே வாகனங்களைப் பூட்டி விற்று வந்தது.

அக்காலச் சரக்குந்துகள் பெரும்பாலும் இயந்திரமும் அடிச்சட்டமும் மட்டும் கொண்டவையாக விற்கப்பட்டன. மேற்பகுதியை உள்ளூர்த் தச்சர்களும் கொல்லர்களும் மரத்தாலும் தகட்டாலும் அமைத்தனர். தொழில் வழக்கில் இது பாடி கட்டுதல் எனப்படும். ஒரே வகை அடிச்சட்டத்தின் மீது இருக்கைகள் அமைத்தால் பேருந்து. பலகைத் தளம் அமைத்தால் சரக்குந்து. நெல் மூட்டைகளுக்குக் கீழே மடக்கக்கூடிய தாழ்ந்த பக்கப் பலகைகள் ஏற்றவை. மூன்று புறமிருந்தும் மூட்டைகளை ஏற்றி இறக்கலாம். வைக்கோல், பருத்திப் பொதி போன்று எடை குறைந்து இடத்தை அடைப்பவற்றுக்கு உயர்ந்த அடைப்புகள் தேவைப்பட்டன.

போர்க்கால நெருக்கடி

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. வண்டிகள் நின்றால் ஊர்களுக்கிடையே ஆட்களும் விளைபொருட்களும் செல்வது தடைபடும் நிலை. அப்போது சுந்தரம் அய்யங்கார் டி. வி. எஸ். கேஸ் பிளாண்ட் என்னும் கரிவாயுக் கருவியை உருவாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தார். இத்தகைய கருவியில் மரக்கரி குறைந்த காற்றில் எரிந்து, கார்பன் மோனாக்சைடு மிகுந்த வாயுவைத் தரும். அதனைக் குளிர்வித்து, தூசு நீக்கி, இயந்திரத்துக்குச் செலுத்துவர். பெட்ரோலை விட இதில் இழுவைத் திறன் குறைவு. கருவியும் கரி மூட்டையும் சுமையைக் கூட்டின. எனினும், பெட்ரோல் கிடைக்காத காலத்தில் வண்டிகள் ஓட இது வழிசெய்தது.

1942 இல் மலாயா ஜப்பான் வசமானதால் இரப்பர் வரத்தும் தடைப்பட்டது. பழைய டயர்களின் மேற்பரப்பைப் புதுப்பிக்கும் தொழிற்சாலை ஒன்றையும் இவர் நிறுவினார்.

மறைவுக்குப் பின்

இவர் கொடைக்கானலில் காலமானார். மகன்கள் தொழிலைத் தொடர்ந்து நடத்தி, வாகன உதிரிப் பாகங்கள் உற்பத்தியிலும் விரிவுபடுத்தினர். டி. வி. எஸ். பேருந்துகள் 1972 இல் தமிழ்நாடு அரசால் நாட்டுடைமையாக்கப்பட்டு, மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவாக அடிப்படையாயின.