செல்லோவும் ஆர்மோனியமும்: ஜான் ஃபோல்ட்ஸின் இசை வாழ்வு

1940 மார்ச்சு முதல் நாளிலிருந்து அகில இந்திய வானொலி நிலையங்களில் ஆர்மோனியம் ஒலிக்கக் கூடாதென ஆணை பிறந்தது. நாடக மேடையிலும் தொண்டை நாட்டுக் கூத்துக் களத்திலும் 'பெட்டி' என்ற பெயரோடு விடிய விடிய ஒலித்த கருவி, வானொலிக்குள் நுழைய முடியாமல் வாசலிலேயே நின்றது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த இத்தடை 1970களில்தான் படிப்படியாகத் தளர்ந்தது. இத்தடைக்கு வித்திட்ட கட்டுரையை எழுதியவர் ஓர் ஆங்கிலேயர். ஆணை வந்தபோது அவர் உயிரோடு இல்லை. ஜான் ஃபோல்ட்ஸ் என்னும் அவ்விசையறிஞரின் வாழ்வு, ஆர்மோனியப் பகைவர் என்ற ஒற்றைத் தொடரில் அடங்கிவிடுவதன்று.

1880 நவம்பரில் மான்செஸ்டர் நகரில், இசைக்குழுவில் பசூன் என்னும் துளைக்கருவி வாசித்து வந்தவரின் மகனாகப் பிறந்தார் ஃபோல்ட்ஸ். முறையான கல்லூரிக் கல்வி அவருக்கு வாய்க்கவில்லை. சிறுவயதிலேயே இசை எழுதத் தொடங்கினார். பதின்மூன்றாம் வயதில் வீட்டைவிட்டு வெளியேறினார். 1900இல், ஹான்ஸ் ரிக்டர் நடத்திய புகழ்பெற்ற ஹாலே இசைக்குழுவில் செல்லோ வாசிப்பவராகச் சேர்ந்தார். செல்லோ வயலின் குடும்பத்துக் கருவி, அளவில் பெரியது, அமர்ந்து முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வாசிக்கப்படுவது. வீணையைப் போல் மெட்டுகள் இல்லாமையால் விரல் எங்கும் தங்கலாம், எங்கும் வழுக்கலாம். இரு சுரங்களுக்கு இடைப்பட்ட ஒலிவெளி அதற்குத் திறந்தே கிடக்கிறது.

அவ்வெளியில்தான் ஃபோல்ட்ஸின் செவி நிலைகொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் புனைவியல் இசைமரபு முதிர்ந்து நின்ற காலம் அது. செல்லோவுக்கும் பியானோவுக்குமென 1905இல் அவர் எழுதிய சோனாட்டா அம்மரபின் உணர்ச்சிப் பெருக்கு முழுவதையும் தாங்கியிருக்கிறது. ஆயினும் அதன் நடுப்பகுதியில், ஐரோப்பியர் மிகச் சிறிய இடைவெளியாகக் கொண்டிருந்த அரைச்சுரத்தையும் பாதியாக்கிக் கால்சுரங்களைப் பெய்தார். செல்லோவால் அவற்றைத் தொட முடியும், பியானோவால் முடியாது. நகர மாட்டாத சுரமும் நழுவிச் செல்லும் சுரமும் ஒரே பாட்டில் அருகருகே அமர்ந்திருக்கும் விந்தையை அங்குக் கேட்கலாம். இந்திய இசையை அவர் அணுகி அறிவதற்குப் பத்தாண்டுகள் முன்னரே நிகழ்ந்தது இது என்பது நோக்கத்தக்கது.

1915இல் மோட் மக்கார்த்தி என்னும் ஐரிய நாட்டு வயலின் கலைஞரை அவர் சந்தித்தார். இளமையில் மேடைகளை ஆண்டு, கைநரம்பு நோயால் வயலினைத் துறந்தவர் அவ்வம்மையார். அன்னி பெசன்ட் அம்மையாருடன் 1907 தொடங்கி ஈராண்டுகள் இந்தியாவில் பயணம் செய்து, நம் இசையைக் கற்று, சுருதி நுட்பங்களைப் பாடிக்காட்டும் ஆற்றல் பெற்றிருந்தார். ஃபோல்ட்ஸுக்கு அவர் துணைவியாகவும் ஆசிரியராகவும் ஆனார். இசை வரலாறுகள் அவரைப் பெரும்பாலும் அடிக்குறிப்பில் நிறுத்துவது முறையன்று.

முதல் உலகப் போரில் மாண்ட எல்லா நாட்டவர்க்குமாக ஃபோல்ட்ஸ் படைத்த உலக இரங்கல் இசைக்குப் பாடற்பகுதிகளைத் திரட்டித் தந்தவரும் அவரே. விவிலியத்துடன் கபீரும் அதில் இடம்பெற்றார். 1923 நவம்பர் 11 அன்று இலண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் ஏறத்தாழ 1,250 கலைஞர்கள் அதனை நிகழ்த்தினர். 1926 வரை ஆண்டுதோறும் நிகழ்ந்த அது பின்னர் கைவிடப்பட்டது. பெர்னார்ட் ஷாவின் ஜோன் நாடகத்துக்கும் இசையமைத்த ஃபோல்ட்ஸின் பெயர் அதன்பின் மங்கலாயிற்று. பாரிசுக்குப் பெயர்ந்து, ஊமைப்படங்களுக்கு இசை வாசித்தும் பிழைத்தார்.

பிறர் கண்ணுக்குச் சரிவாகத் தெரிந்த அந்நாட்களில்தான் அவருடைய சிறந்த ஆக்கங்கள் உருவாயின. தென்னிந்தியாவின் 72 மேளகர்த்தாத் திட்டத்தைக் கற்று, அதிலிருந்து எடுத்த சுரவரிசைகளைக் கொண்டு பியானோவுக்கு இசை எழுதினார். ஒரு படைப்பில் ஒரு வரிசை. அதற்குப் புறம்பான சுரம் ஒன்றுகூட நுழையாது. மேளம் வேறு, இராகம் வேறு என்பதைக் கருநாடக இசை அறிந்தோர் உடனே சுட்டுவர். கமகம் இல்லாத இடத்தில் இராகம் முகம் காட்டாது. பியானோவில் கமகத்துக்கு இடமில்லை. இக்குறை உண்மையே. எனினும் யாப்பின் கட்டுக்குள் நின்று புதுப்பொருள் காணும் புலவரின் முயற்சியை ஒத்த கட்டுப்பாடு அவ்வாக்கங்களில் உண்டு. கண்ணன் வாழ்வைப் பொருளாகக் கொண்டு எழுதத் தொடங்கிக் கைவிட்ட இசைநாடகத்திலிருந்து மூன்று 'மந்திரங்கள்' மட்டும் எஞ்சின.

1935இல் குடும்பத்துடன் இந்தியா வந்தார். தில்லி வானொலியில் ஐரோப்பிய இசைப் பொறுப்பை ஏற்று, நம் நாட்டுக் கருவியாளர்களைச் சுரக்குறிப்பு படிக்கப் பழக்கி ஒரு குழுவை அமைத்தார். 1938இல் வானொலியின் இதழில் ஆர்மோனியத்தைக் கடிந்து எழுதினார். பன்னிரண்டு சுரங்களில் உறைந்த பெட்டி, நுண்சுருதிகளையும் சுரத்துக்குச் சுரம் இழையும் ஓட்டத்தையும் கொன்றுவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். கால்சுரத்தைச் செல்லோவில் தேடிய காதுக்கு அது இயல்பான முடிவுதான். ஆனால் அவர் கருத்து அதிகாரத்தின் ஆணையானபோது, ஏழைக் கலைஞர்களின் சோற்றிலும் அது கைவைத்தது. மேளகர்த்தாவைப் பியானோவில் ஏற்றியவரே பெட்டியை மறுத்தார் என்ற முரணும் இங்கு உண்டு.

1939 ஏப்ரலில், வானொலிப் பணிக்காகக் கல்கத்தா சென்றவரைக் காலரா பற்றியது. ஐம்பத்தெட்டு வயதில் மறைந்தார்.

கிழக்கும் மேற்கும் இணையுமாறு இந்தியாவில் அவர் எழுதிய சிம்பொனி காணாமற்போயிற்று. இங்கு அவர் படைத்த பிறவும் பல அழிந்தன. காற்றில் பரவிய இசையைக் காற்றே கொண்டுபோயிற்று. 1970களில் மால்கம் மெக்டொனால்ட் என்னும் ஆய்வாளர் தேடிச் சென்றபோது, ஃபோல்ட்ஸின் மகளிடம் இருந்த பெட்டிகளில் எலியும் எறும்பும் விட்டுவைத்த கையெழுத்துத் தாள்கள் கிடைத்தன. பழஞ்சுவடிகள் பதிப்பேறிய வரலாற்றை அறிந்த தமிழர்க்கு இக்காட்சி புதிதன்று.

பதிப்பாசிரியரின் பணியை இங்கு ஒலிப்பதிவாளர்கள் செய்து வருகின்றனர். பிர்மிங்காம் இசைக்குழுவை நடத்திய சக்காரி ஓரமோ 2004இல் வெளியிட்ட பதிவில் மூன்று மந்திரங்களும் உயிர்பெற்றன. உலக இரங்கல் இசை 2007 நவம்பர் 11 அன்று அதே ஆல்பர்ட் மண்டபத்தில் மீண்டும் நிகழ்ந்து குறுவட்டாயிற்று. பால் வாட்கின்ஸ் செல்லோவும் அவர் தம்பி ஹியூ வாட்கின்ஸ் பியானோவும் வாசித்த பதிவில் 1905ஆம் ஆண்டுச் சோனாட்டாவைக் கேட்கலாம். நடுப்பகுதியில், பியானோ தன் சுரத்தில் அசையாது நிற்க, செல்லோ மட்டும் அதைக் கடந்து சற்றே கீழிறங்குகிறது.