ராட்டையைத் தேடித் தந்தவர்

மருதமுனையில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவள் நான். ஆனால், நூல் உண்டாவதற்கு முன்னுள்ள பாடு காந்தியடிகளின் வரலாற்றைப் படித்த பின்பே எனக்கு விளங்கியது.

1869இல் போர்பந்தரில் பிறந்த காந்தி, இலண்டனில் சட்டம் கற்று, தென்னாபிரிக்காவில் இந்தியரின் உரிமைக்குப் போராடி, 1915இல் தாயகம் திரும்பினார். தம் ஆசிரமத்தில் தறிகள் அமைத்தார். நூலோ ஆலையிலிருந்தே வந்தது. கையால் நூற்க விரும்பினார். ராட்டையும் கிடைக்கவில்லை, கற்றுத்தர ஆளும் இல்லை.

1917இல் அவர் சந்தித்த கங்காபென் என்ற விதவைப் பெண், ஊரூராய் அலைந்து பரோடா சமஸ்தானத்து விஜாப்பூரில் ராட்டைகளைக் கண்டுபிடித்தார். அவை வீட்டுப் பரண்களில் பயனற்றுக் கிடந்தன. பஞ்சுத் திரி தந்து, நூற்ற நூலை வாங்கிக்கொண்டால் மீண்டும் நூற்பதாக அவ்வூரார் இசைந்தனர். பம்பாய் ஆலை முதலாளி உமர் சோபானி திரிகளை அனுப்பினார். ஆலைத் திரியை நம்பியிருப்பது காந்தியின் மனதை உறுத்தியது. கங்காபென் பஞ்சு கொட்டுபவர் ஒருவரை அமர்த்தி, சிறுவர்களுக்குத் திரி செய்யப் பழக்கினார். அதன் பின்பே எல்லாம் கைவேலையாயிற்று.

1927 நவம்பரில் கதர் நிதி திரட்ட காந்தி இலங்கைக்கும் வந்தார். 1948 ஜனவரி 30இல் சுடப்பட்டு மறைந்தார்.

தோழியரே, ராட்டை என்றதும் காந்தியின் உருவமே நம் நினைவில் எழுகிறது. அதைத் தேடி எடுத்துக் கொடுத்தவர் ஒரு பெண். அவர் இல்லையேல், காந்தியின் எண்ணம் எண்ணமாகவே நின்றிருக்கும் என்று நான் நினைக்கிறேன்.