ஜாங்கோ ரைன்ஹார்ட்

ஜாங்கோ ரைன்ஹார்ட் (ஜனவரி 23, 1910 – மே 16, 1953) பெல்ஜியத்தில் பிறந்து பிரான்சில் வாழ்ந்த ரோமானி இனக் கித்தார் கலைஞரும் இசையமைப்பாளரும் ஆவார். ஐரோப்பாவில் தோன்றிய ஜாஸ் இசைக்கலைஞர்களுள் உலகப் புகழ் பெற்ற முதல்வர்களில் ஒருவராக இவர் கருதப்படுகிறார். பதினெட்டாம் வயதில் ஏற்பட்ட தீவிபத்தில் இடக்கையின் இரு விரல்கள் பெரும்பாலும் செயலிழந்த பின்னர், எஞ்சிய இரு விரல்களைக் கொண்டே புதிய வாசிப்பு முறை ஒன்றை உருவாக்கினார். கித்தார் கலைஞர்களின் பாணிகளை ஒப்பிடுவோர் இவரைத் தவறாமல் எடுத்துக்கொள்வதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

இளமைக்காலம்

பெல்ஜியத்தின் லிபெர்ஷி என்னும் சிற்றூரில், ஊர் ஊராகச் செல்லும் குடும்பம் ஒன்று தங்கியிருந்த வண்டி வீட்டில் ஜாங்கோ பிறந்தார். இவரது இயற்பெயர் ஜான் ரைன்ஹார்ட். குடும்பத்தினர் ரோமானி மக்களுள் மனூஷ் எனப்படும் பிரிவைச் சேர்ந்தவர்கள். ரோமானி மக்களின் முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் வட இந்தியாவிலிருந்து மேற்கே சென்றவர்கள் என்பதை அவர்களுடைய மொழியைக் கொண்டு ஆய்வாளர்கள் நிறுவியுள்ளனர்.

சிறுவயதில் ஜாங்கோவின் குடும்பம் பாரிஸ் நகரின் எல்லையோரத்தில் இருந்த வண்டி முகாம்களில் குடியேறியது. பள்ளிக் கல்வி இவருக்குக் கிட்டவில்லை. வளர்ந்த பின்னரும் எழுதப் படிக்கத் தடுமாறினார். இசைக்குறியீடுகளை வாசிக்கவும் அறியார். ஆனால் கேள்வி ஞானம் மிக்கவர். முதலில் வயலின் வாசித்தார். ஏறத்தாழ பன்னிரண்டாம் வயதில் பாஞ்சோவும் கித்தாரும் கலந்த கருவி ஒன்று கிடைக்க, பிறர் விரல்களைப் பார்த்தே வாசிக்கக் கற்றுக்கொண்டார். சில ஆண்டுகளுக்குள் பாரிஸ் நடன அரங்குகளில் அக்கார்டியன் கலைஞர்களுக்குத் துணையாக வாசித்துப் பொருளீட்டத் தொடங்கினார். இவரது முதல் இசைத்தட்டுகள் 1928 இல் வெளிவந்தன. பெயரை எழுதிக் காட்ட இயலாத நிலையில் இருந்ததால், தட்டின் மீது இவரது பெயர் பிழையாகவே அச்சிடப்பட்டது.

தீவிபத்து

அதே ஆண்டில் ஆங்கிலேய இசைக்குழுத் தலைவர் ஜாக் ஹில்டன் இவரைத் தம் குழுவில் சேர அழைத்திருந்தார் என வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. அந்த வாய்ப்பு கைகூடுவதற்கு முன், 1928 நவம்பர் 2 இரவு, இவரது வண்டி வீடு தீப்பற்றியது. விற்பனைக்காக இவரது மனைவி செய்து வைத்திருந்த செல்லுலாய்டுப் பூக்கள் வீடு நிறைய இருந்தன. செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றும் பொருள். மெழுகுவர்த்திச் சுடர் பட்டதும் வண்டி முழுவதும் எரிந்தது. இருவரும் உயிர் தப்பினர். எனினும் ஜாங்கோவின் வலக்காலும் இடக்கையும் கடுமையாக வெந்தன.

காலை வெட்டியெடுக்க வேண்டும் என்று மருத்துவர்கள் கருதினர். ஜாங்கோ அதற்கு உடன்படவில்லை. கால் பிழைத்தது, காலப்போக்கில் கைத்தடியின் துணையுடன் நடந்தார். ஆனால் இடக்கையின் மோதிர விரலும் சிறுவிரலும் தழும்பினால் சுருங்கி உள்நோக்கி மடங்கிவிட்டன. வலக்கையால் வாசிப்போருக்குத் தந்திகளை அழுத்திச் சுரங்களை உண்டாக்குவது இடக்கையே ஆதலால், இத்தொழிலை இவர் தொடர இயலாது என்றே பலரும் எண்ணினர்.

மருத்துவமனையில் இருந்தபோது தம்பி ஜோசப் ஒரு கித்தாரைக் கொண்டுவந்து கொடுத்தார். ஏறத்தாழ பதினெட்டு மாதங்கள் நீடித்த சிகிச்சைக் காலத்தில் ஜாங்கோ தம் வாசிப்பை முதலிலிருந்து மாற்றி அமைத்தார்.

ஐவர் குழு

1930களின் தொடக்கத்தில் தென் பிரான்சின் தூலோன் நகரில் எமில் சவித்ரி என்னும் ஓவியர் தம்மிடமிருந்த அமெரிக்க இசைத்தட்டுகளை இவருக்குப் போட்டுக் காட்டினார். லூயி ஆம்ஸ்ட்ராங்கின் எக்காள இசையைக் கேட்டது இவரது வாழ்வைத் திசைதிருப்பியது. அன்று முதல் ஜாஸ் இசையையே தம் துறையாகக் கொண்டார்.

1934 இல் பாரிசின் கிளாரிட்ஜ் விடுதியில் வாசித்துவந்த இசைக்குழுவில் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெலியும் ஜாங்கோவும் இருந்தனர். இடைவேளைகளில் இருவரும் மேடைக்குப் பின்னால் தம் விருப்பத்துக்கு வாசித்துப் பார்த்ததிலிருந்து புதிய குழு ஒன்று உருவானது. ஜோசப் ரைன்ஹார்ட், ரோஜே ஷாப்பூ ஆகிய இருவர் துணைக் கித்தாரும், லூயி வோலா டபுள் பேஸும் வாசித்தனர். பாரிஸ் ஜாஸ் சுவைஞர்களின் அமைப்பான ஹாட் கிளப் இக்குழுவுக்கு ஆதரவளித்தது. பியேர் நூரி, சார்லஸ் தெலோனே ஆகியோர் இதற்கு முன்னின்றனர். ஹாட் கிளப் ஐவர் குழு எனப் பெயர் பெற்ற இதன் முதல் இசைத்தட்டுகள் 1934 டிசம்பரில் பதிவு செய்யப்பட்டன.

ஜாஸ் இசைக்கு இன்றியமையாதவை எனக் கருதப்பட்ட எக்காளம், சாக்சபோன், டிரம் எதுவும் இக்குழுவில் இல்லை. ஐந்தும் தந்திக் கருவிகளே. தாளப் பொறுப்பைத் துணைக் கித்தார்கள் இரண்டும் ஏற்றன. பம்பு அடிப்பதைக் குறிக்கும் லா போம்ப் என்னும் பிரெஞ்சுச் சொல்லால் அழைக்கப்படும் இத்தாளமுறையில், நாலெண்ணிக்கைத் தாளத்தின் இரண்டாவதும் நான்காவதும் வெட்டினாற்போல் ஒலிக்கும்.

1937 இல் பதிவான மைனர் ஸ்விங் இக்குழுவின் மிகப் புகழ்பெற்ற ஆக்கங்களுள் ஒன்று. கோல்மன் ஹாக்கின்ஸ், பென்னி கார்ட்டர் முதலிய அமெரிக்கக் கலைஞர்களும் பாரிசில் ஜாங்கோவுடன் இணைந்து பதிவுகள் செய்தனர்.

போர்க்காலம்

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டபோது ஐவர் குழு இங்கிலாந்தில் இருந்தது. கிராப்பெலி அங்கேயே தங்கிவிட, ஜாங்கோ பாரிஸ் திரும்பினார். வயலினுக்குப் பதிலாக ஊபேர் ரோஸ்தேங்கின் கிளாரினெட்டைச் சேர்த்துக் குழுவைத் திருத்தி அமைத்தார். முகில்கள் எனப் பொருள்படும் நுவாஜ் என்னும் இவரது ஆக்கம் 1940 இல் பதிவாகி, ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்சில் பெரும் வரவேற்பைப் பெற்றது.

இக்காலம் இவரது வாழ்வின் முரண் நிறைந்த பகுதியாகும். நாட்சிகள் ரோமானி மக்களை அழித்தொழிக்க முற்பட்டிருந்தனர். கொல்லப்பட்டோர் இரண்டு இலட்சம் முதல் ஐந்து இலட்சம் வரை இருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. பிரான்சிலும் நாடோடி வாழ்க்கை நடத்தியோர் முகாம்களில் அடைக்கப்பட்டனர்; சிலர் 1946 வரை விடுவிக்கப்படவில்லை. ஜாஸ் இசையையும் நாட்சி அரசு இழிவானதாகக் கருதியது. அவ்வினத்தைச் சேர்ந்தவரும் அவ்விசையை வாசிப்பவருமான ஜாங்கோவோ பாரிசின் அரங்குகளில் கொண்டாடப்பட்டார். அவரைக் கேட்க வந்தோரில் ஜெர்மானிய அதிகாரிகளும் இருந்தனர். புகழ் அளித்த பாதுகாப்பு எந்நேரமும் விலகக்கூடியது என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1943 இல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிச் செல்ல முயன்று பிடிபட்டார். ஜாஸ் ஆர்வலரான ஜெர்மானிய அதிகாரி ஒருவர் அவரை விடுவித்தார். மறுபடியும் முயன்றபோது சுவிஸ் எல்லைக் காவலர்கள் திருப்பி அனுப்பிவிட்டனர். போர் முடியும்வரை பிரான்சிலேயே வாழ்ந்தார். அதே ஆண்டில் நாகீன் என அழைக்கப்பட்ட சோஃபி சீக்லரை மணந்தார். 1944 இல் பிறந்த இவர்களது மகன் பாபிக் ரைன்ஹார்டும் பின்னாளில் கித்தார் கலைஞரானார்.

பிற்காலமும் மறைவும்

1946 இல் டியூக் எலிங்டன் குழுவின் சிறப்பு விருந்தினராக அமெரிக்கா சென்றார். தம் கித்தாரை உடன் கொண்டு செல்லாததால், பழக்கமில்லாத மின்கித்தாரில் வாசிக்க நேர்ந்தது. நியூயார்க் கார்னகி அரங்கில் நவம்பர் மாதம் இரு நாள் நிகழ்ச்சிகள் நடந்தன. முதல் நாள் பாராட்டுக் கிடைத்தது. இரண்டாம் நாள் மிகவும் காலம் தாழ்த்தி வந்ததால் விமர்சனத்துக்கு உள்ளானார். எதிர்பார்த்த அளவு வாய்ப்புகள் அமையாமல் 1947 தொடக்கத்தில் பிரான்ஸ் திரும்பினார்.

1949 இல் உரோமில் கிராப்பெலியுடன் பல பதிவுகள் செய்தார். 1951 இல் செய்ன் ஆற்றங்கரையிலுள்ள சமுவா என்னும் சிற்றூரில் குடியேறி, தூண்டிலிடுவதிலும் ஓவியம் தீட்டுவதிலும் பொழுதைக் கழித்தார். எனினும் இசையில் தேங்கி நின்றுவிடவில்லை. மின்கித்தாரையும் பீபாப் என்னும் புதிய ஜாஸ் முறையையும் ஏற்றுக்கொண்டு இளங்கலைஞர்களுடன் வாசித்தார். 1953 ஏப்ரலில் நடந்த இவரது இறுதிப் பதிவில் பியானோ வாசித்த மார்சியல் சொலால் அப்போது இருபத்தைந்து வயது இளைஞர்.

1953 மே 16 அன்று, பாரிசிலிருந்து தொடர்வண்டியில் வந்து வீட்டுக்கு நடந்து சென்றபின் மூளையில் ஏற்பட்ட இரத்தக் கசிவினால் மயங்கி விழுந்தார். மருத்துவர் வந்து சேரத் தாமதமானது. மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்ட அவர் இறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 43.

வாசிப்பு முறை

ஜாங்கோ தனிச்சுரங்களைப் பெரும்பாலும் இடக்கையின் ஆட்காட்டி விரல், நடுவிரல் ஆகிய இரண்டைக் கொண்டே வாசித்தார். முடங்கிய விரல்களைச் சில வேளைகளில் மேல் தந்திகளின் மீது வைத்து, பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கும் கார்டுகளுக்கு மட்டும் பயன்படுத்தினார். 1930களின் இறுதியில் எடுக்கப்பட்ட ஜாஸ் ஹாட் என்னும் குறும்படத்தில் இக்கையின் இயக்கத்தைத் தெளிவாகக் காணலாம்.

நான்கு விரல்கள் உடையவர் ஒரே இடத்தில் கையை வைத்துக்கொண்டு ஒரு தந்தியிலிருந்து அடுத்ததற்குக் குறுக்காகச் செல்லலாம். இரு விரல்களுக்கு அவ்வாறு எட்டாது. ஆகவே ஜாங்கோ கித்தாரின் கழுத்து நெடுகிலும் கையை மேலும் கீழும் நகர்த்தினார். கார்டின் சுரங்களைத் தனித்தனியாக அடுக்கும் அர்பெஜியோக்கள், அரைச்சுர இடைவெளியில் மின்னலென ஓடும் வரிசைகள், ஒரே சுரத்தை இரு ஸ்தாயிகளில் சேர்த்து ஒலித்தல், வழுக்கிச் செல்லும் சுரங்கள், அழுத்தமான அதிர்வு ஆகியவை இவரது பாணியின் அடையாளங்களாயின. இவற்றுள் பல, கையின் குறையால் தேவையாகித் தனி அழகாக மலர்ந்தவை.

வலக்கையோ முழு நலத்துடன் இருந்தது. மீட்டுத் துண்டைத் தளர்வான மணிக்கட்டிலிருந்து விசையுடன் இறக்கி, ஒவ்வொரு புதிய தந்தியையும் பெரும்பாலும் கீழ்நோக்கிய மீட்டலாலேயே தொடங்கினார். ஒலிபெருக்கி இன்றியே கூட்டம் நிறைந்த அரங்கின் கடைசி வரிசைவரை ஓசை சென்றடைய இது உதவியது. இத்தாலியக் கலைஞர் மாரியோ மக்காஃபெரி வடிவமைத்து, பாரிசின் செல்மர் நிறுவனம் 1932 முதல் தயாரித்த எஃகுத் தந்திக் கித்தாரின் கூரிய ஒலியும் இதற்குத் துணைசெய்தது.

பிற கலைஞர்களுடன் ஒப்பீடு

எடி லாங் (1902–1933): கித்தாரை ஜாஸ் இசையில் தனிக்கருவியாக நிலைநிறுத்திய அமெரிக்கர். வயலின் கலைஞர் ஜோ வெனூட்டியுடன் இவர் செய்த பதிவுகள் ஜாங்கோ–கிராப்பெலி இணைக்கு முன்னோடி. லாங்கின் வாசிப்பு நிதானமும் ஒழுங்கும் உடையது. ஜாங்கோவினுடையது வேகமும் அலங்காரமும் மிக்கது.

சார்லி கிறிஸ்டியன் (1916–1942): 1939 இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்து மின்கித்தாரைப் புகழ்பெறச் செய்தவர். மின்விசை ஓசையைப் பெருக்கியதால் இவர் விசையுடன் மீட்ட வேண்டியதில்லை. சாக்சபோன் கலைஞரைப் போல நீண்ட தொடர்களை இயல்பாக அமைத்தார். ஜாங்கோ ஓசை மறைவதற்குள் அடுத்த சுரத்தை எழுப்ப வேண்டியிருந்தது. இருவரின் வேறுபாட்டில் கருவிக்கும் பெரும் பங்குண்டு.

அந்திரேஸ் செகோவியா (1893–1987): மேற்கத்தியச் செவ்வியல் கித்தாரைக் கச்சேரி மேடைக்கு உயர்த்திய எசுப்பானியர். மீட்டுத் துண்டின்றி விரல் நகத்தாலும் நுனியாலும் வாசித்து, ஒரே கருவியில் பல குரல்களை இணையாக ஒலிக்கச் செய்தார். எழுதப்பட்ட இசையைத் துலக்குவது செகோவியாவின் கலை; மேடையிலேயே கற்பனை செய்து படைப்பது ஜாங்கோவின் கலை.

வெஸ் மாண்ட்காமரி (1923–1968): ஜாங்கோவைப் போலவே தாமாகக் கற்றவர், இசைக்குறியீடு வாசிக்க அறியாதவர். கட்டைவிரலால் மீட்டியதால் இவரது ஒலி மென்மையானது. இரு ஸ்தாயிகளில் சேர்த்து வாசிக்கும் உத்தியை ஜாங்கோ இடையிடையே பயன்படுத்தினார். மாண்ட்காமரி அதைக் கொண்டே முழுத் தனிவாசிப்புகளை அமைத்தார்.

இவ்வொப்பீடுகளிலிருந்து யார் பெரியவர் என்னும் முடிவை எட்ட இயலாது. கை, கருவி, அரங்கு, மரபு ஆகிய நான்கும் ஒரு கலைஞரின் பாணியை எவ்வாறு உருவாக்குகின்றன என்பதை இவை காட்டுகின்றன. நலமான விரல்கள் உள்ள மாணவர்கள் ஜாங்கோவின் ஆக்கங்களை அவர் வாசித்த இரு விரல் முறையிலேயே பயில்வதுண்டு. அவ்விரல் நகர்வே அவற்றின் ஒலியைத் தீர்மானிக்கிறது என்பது இதற்குக் காரணம்.

தாக்கமும் நினைவும்

1954 இல் மாடர்ன் ஜாஸ் குவார்டெட்டின் ஜான் லூயிஸ் இவரது நினைவாக ஜாங்கோ என்னும் இசையை ஆக்கினார். செவ்வியல் கித்தார் கலைஞர் ஜூலியன் பிரீம், புளூஸ் கலைஞர் பி. பி. கிங் ஆகியோர் இவரைத் தமக்கு ஊக்கமளித்தவராகக் குறிப்பிட்டுள்ளனர். 1965 இல் தொழிற்சாலை விபத்தொன்றில் இரு விரல் நுனிகளை இழந்து வாசிப்பதைக் கைவிட எண்ணிய ஆங்கிலேய இளைஞர் டோனி அயோமிக்கு, அவரது மேற்பார்வையாளர் ஜாங்கோவின் இசைத்தட்டைக் கொடுத்தார். அதனால் மனம் தேறிய அயோமி பின்னர் பிளாக் சபாத் குழுவின் கித்தார் கலைஞராகப் புகழ் பெற்றார்.

கிராப்பெலி 1997 வரை வாழ்ந்து உலகெங்கும் வாசித்தார். அவர் வயலின் கலைஞர் எல். சுப்பிரமணியத்துடன் இணைந்தும் இசைத்தொகுப்பு வெளியிட்டது குறிப்பிடத்தக்கது.

சமுவாவில் 1968 இல் ஜாங்கோவின் நினைவாக இசைவிழா தொடங்கப்பட்டது. பிரெலி லக்ரேன், ஸ்டோகெலோ ரோசன்பெர்க் முதலிய பின்தலைமுறைக் கலைஞர்கள் இவரது வழியை வளர்த்துள்ளனர். ஜிப்சி ஜாஸ் என வழங்கும் அம்மரபு, மனூஷ் குடும்பங்களில் தந்தையிடமிருந்து மகனுக்கு எழுத்தின் துணையின்றிக் கைமாறி வருகிறது.