இராமானுஜன் மறைத்த துயர்

கணித மேதை சீனிவாச இராமானுஜனைப் போற்றாத மாணவர் மேடை இல்லை. ஆயினும் அவர்தம் வாழ்வில் நாம் பேசத் தயங்கும் பகுதி ஒன்று உண்டு. அதையே ஈண்டு எழுத விரும்புகிறேன்.

1887 டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்த அவர் கும்பகோணத்தில் வளர்ந்தார். 1904இல் உதவித்தொகை பெற்று அவ்வூர் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். கணிதம் ஒன்றிலேயே மூழ்கியதால் பிற பாடங்களில் தோற்றார், உதவித்தொகை போயிற்று. 1905இல் வீட்டாரிடம் சொல்லாமலே விசாகப்பட்டினம் சென்றுவிட்டார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் வெற்றி கிட்டவில்லை. தேர்வு முடிவு வந்ததும் மாதுங்கா விடுதியில் அறைக் கதவைச் சாத்திக்கொள்ளும் நம் நண்பர்களுக்கு இந்த இராமானுஜன் அயலார் அல்லர்.

1914இல் அவர் கேம்பிரிட்ஜ் சென்றார். அவ்வாண்டே உலகப்போர் மூண்டது. சைவ உணவுக்குத் தட்டுப்பாடு. தாமே சமைத்து உண்டார். ஊரில் தாய்க்கும் மனைவிக்கும் பிணக்கு. கடிதப் போக்குவரத்தும் அற்றுப்போயிற்று. நாள்தோறும் தம்மோடு கணிதம் பேசிய ஹார்டியிடம்கூட இத்துயரை நெடுநாள் மறைத்தே வைத்திருந்தார். 1917இல் நோயுற்று, மருத்துவ விடுதிகளில் மாறி மாறித் தங்கினார். மருத்துவர் பலர் அவர் உடலைச் சோதித்தனர். உள்ளத்தின் சுமையோ உள்ளேயே கிடந்தது. 1918 தொடக்கத்தில் இலண்டனில் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். அந்நாட்டுச் சட்டப்படி அன்று அது குற்றம். போலீசார் பிடித்துச் சென்றனர். ஹார்டி விரைந்து வந்து மீட்டார்.

அந்த நாளுக்குப் பின் நிகழ்ந்தவற்றை எண்ணிப் பாருங்கள். அதே ஆண்டில் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். டிரினிடி கல்லூரியும் ஃபெல்லோ என்னும் சிறப்பை அளித்தது. 1919 மார்ச் 27ஆம் நாள் நம் பம்பாய்த் துறைமுகத்தில் வந்திறங்கினார். 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னையில் மறையும்வரை, நோயோடு போராடியபடியே மாக் தீட்டா சார்புகளை ஆராய்ந்தார். அக்காலத்தில் அவர் எழுதிய தாள்கள் 1976இல் கேம்பிரிட்ஜில் கண்டெடுக்கப்பட்டன. கணித அறிஞர்கள் பல்லாண்டுகள் அவற்றை ஆராய்ந்தனர். காப்பாற்றப்பட்ட ஓர் உயிர் இரண்டே ஆண்டுகளில் உலகுக்கு அளித்த செல்வம் இது!

ஹார்டி வந்தது இராமானுஜனின் நற்பேறு. நமக்கு அத்தகைய நற்பேற்றை நம்பியிருக்க வேண்டிய நிலை இல்லை. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், அத்தகைய முயற்சியைத் தண்டனைக்கு உரியதாக அன்றிக் கடும் மன அழுத்தத்தின் விளைவாகக் கருதுகிறது. செம்பூரை அடுத்த தேவனாரில் உள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 2012இல் ஐகால் என்னும் தொலைபேசி ஆலோசனைப் பணியைத் தொடங்கியது. 2022இல் நடுவணரசு தொடங்கிய டெலி மானஸ் உதவிக்கு 14416 என்ற எண்ணை அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

இருந்தும் நாம் தயங்குகிறோம். காய்ச்சல் என்றால் தாராவியிலிருந்து சயான் மருத்துவமனைக்கு நடக்க நாணாத நாம், அங்கேயே உள்ள மனநலப் பிரிவின் வாயிலை மிதிக்க அஞ்சுகிறோம். ஊரார் பைத்தியம் என்பரே என்ற அச்சம். படித்தவனுக்கு மனநோயா என்ற வீண் பெருமை. முடிவிலி வரை எண்ணிய அறிவுக்கும் தன் துயரைத் தனியே தாங்க இயலவில்லை என்பதே இம்மேதையின் வாழ்க்கை நமக்குக் கூறும் உண்மை. உதவி கேட்பது அறிவுக்கு இழுக்கன்று.

தோழர்களே, உங்கள் அறைத் தோழன் பல நாள் வாய் திறவாதிருந்தால் அருகில் அமர்ந்து பேசுங்கள். மருத்துவரிடம் செல்லத் துணையாக நடங்கள். அன்று ஹார்டி செய்ததை இன்று நம்மில் எவரும் செய்யலாம்.