தொண்டில் நின்ற துறவி

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆவூர் என்றோர் ஊர் உண்டு. 1747ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற கத்தோலிக்கத் திருக்கோயில் ஒன்று அங்கே விளங்குகின்றது. தேம்பாவணி என்னும் பெருங்காப்பியத்தை இயற்றிய வீரமாமுனிவரும் அவ்வூரில் தங்கித் தொண்டாற்றியவரே ஆவர். இத்தகைய கோயில் ஒன்றைச் சார்ந்து வாழும் மக்கட் கூட்டத்தைப் ‘பங்கு’ என்று வழங்குதல் கத்தோலிக்கர் மரபு. பங்கு மக்கள் தம் இல்லங்களைச் சிறுசிறு அன்பியங்களாக வகுத்துக்கொண்டு, அண்டை வீட்டாரின் இன்ப துன்பங்களிற் பங்கு கொள்கின்றனர். வின்சென்ட் தே பவுல் சபை போன்ற குழுவினர் வறியோர் இல்லம் நாடிச் சென்று அரிசியும் ஆடையும் மருந்தும் உதவுகின்றனர். குரு ஒருவரே ஊர்தோறும் சென்று இவற்றையெல்லாம் செய்து முடித்தல் இயலாது. மக்கள் தாமே கூடி நின்று செய்தாலன்றி அறம் நிலைபெறாது. இவ்வுண்மையை மூன்று நூற்றாண்டுகட்கு முன்னரே உணர்ந்து செயலிற் காட்டிய பெரியார் ஒருவர் நம் அண்டை நாடாகிய இலங்கையில் வாழ்ந்தார். அவரே யோசேவ் வாஸ் அடிகளார்.

அடிகளார் பிறந்த நாடு கோவா. அந்நாடு அப்போது போர்த்துக்கீசியர் ஆட்சியில் இருந்தது. அங்குள்ள பெனாலிம் என்னும் சிற்றூரில் 1651ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 21ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் கொங்கணி மொழி பேசும் கத்தோலிக்கர். இளமையிற் போர்த்துக்கீசியமும் இலத்தீனும் கற்றுத் தேர்ந்த அவர், கோவா நகரிற் சமய நூல்களை ஓதி உணர்ந்து, 1676ஆம் ஆண்டிற் குருத்துவ நிலையை எய்தினார். குருவான பின்னர் ஏழையரைப் போலவே தாமும் வாழ விரும்பிக் காலணி துறந்து வெறுங்காலுடன் நடக்கலானார். அவ்வழக்கத்தைத் தம் வாழ்நாள் முழுவதும் அவர் கைவிட்டிலர்.

1681ஆம் ஆண்டில் அடிகளார் கன்னட நாட்டின் கடற்கரைப் பகுதிக்கு அனுப்பப்பெற்றார். மங்களூரும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் அவர்தம் பணிக்களம் ஆயின. அங்கே அவர் சிறுவர்க்குப் பள்ளிகள் அமைத்தார். அடிமைகளாக விற்கப்பட்டோரைப் பொருள் கொடுத்து மீட்டார். பொதுமக்களைக் குழுக்களாக ஒன்றுசேர்த்து, வழிபாட்டையும் அறச்செயல்களையும் அவர்களே நடத்துமாறு பழக்கினார். பின்னாளில் இலங்கையில் அவர் ஆற்றிய பெரும்பணிக்கு இப்பயிற்சி வித்தாயிற்று எனலாம். கோவா திரும்பிய அடிகளார், புனித பிலிப்பு நேரி வகுத்த நெறியைத் தழுவிய துறவியர் குழுவிற் சேர்ந்தார். அக்குழுவினர் 1685ஆம் ஆண்டில் அவரையே தம் தலைவராகத் தேர்ந்தனர். அப்பதவியை ஏற்றும் அவருள்ளம் அங்கே அமைதி கொள்ளவில்லை. கடலுக்கு அப்பால் துன்புற்றுக் கிடந்த மக்களையே அது நாடி நின்றது.

அக்காலத்தில் இலங்கையின் நிலை யாது? 1656ஆம் ஆண்டிற் கொழும்பையும் 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தர் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். ஒல்லாந்தரும் கிறித்தவரே, எனினும் அவர் சீர்திருத்தச் சபையைச் சார்ந்தவர். கத்தோலிக்கர் போர்த்துக்கீசியர்க்குத் துணைபோவர் என்ற ஐயமும் அவர்க்கு இருந்தது. ஆதலின் குருமாரை நாட்டினின்றும் துரத்தினர். கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்போர் கொலைத்தண்டம் பெறுவர் என்று ஆணை பிறப்பித்தனர். இவ்வாறு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்தன. குழந்தைகட்குப் பெயரிட்டு ஞானநீர் வார்க்கவும், இறக்குந் தறுவாயில் இருப்போர்க்கு ஆறுதல் கூறவும் ஒரு குருவேனும் இன்றி அம்மக்கள் தவித்தனர்.

இதனைக் கேள்வியுற்ற அடிகளார் தலைமைப் பதவியைத் துறந்தார். 1686ஆம் ஆண்டில் ஜான் என்னும் பணியாளரையும் உடனழைத்துக்கொண்டு தெற்கு நோக்கிப் புறப்பட்டார். தூத்துக்குடி வரை வந்து, அங்கே தமிழ் பயிலத் தொடங்கினார். யாழ்ப்பாணத்து மக்களுடன் உறவாட விழைபவர் தமிழ் அறிதல் இன்றியமையாதது அன்றோ? பின்னர்க் குருவுக்குரிய அங்கியைக் களைந்து, கந்தை அணிந்த கூலியாள் போல வேடம் பூண்டு, ஓடம் ஏறினார். 1687ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தை அடைந்தார்.

கடற்பயணத்தின் இடர்களால் நலிந்திருந்த அவரைக் கடுமையான வயிற்றுக்கடுப்பு பற்றிக்கொண்டது. உடனிருந்த ஜானும் நோயுற்றார். ஊரும் பேரும் அறியாத அயலார் இருவர் நோயுற்றுக் கிடத்தலைக் கண்ட மக்கள், தொற்றுக்கு அஞ்சி விலகிச் சென்றனர். அந்நிலையில் இரக்கமுடைய பெண்மணி ஒருவர் அவ்விருவர்க்கும் கஞ்சி கொண்டுவந்து ஊட்டினார். அவர்கள் உயிர் பிழைத்தனர். பிறர்க்கு உதவ வந்தவர், பிறர் உதவியாலேயே முதற்கண் உயிர் தரித்தார். கைவிடப்பட்ட நோயாளி எத்துணைத் துயருறுவான் என்பதை அடிகளார் தம் உடம்பிலேயே உணர்ந்த நாள்கள் அவை.

நலம்பெற்ற பின்னர் அவர் தம் கழுத்திற் செபமாலையை அணிந்துகொண்டு இரவலர் போல வீடுவீடாகச் சென்றார். அம்மாலையைக் கண்டு எவர் முகம் மலர்கின்றதோ அவரே கத்தோலிக்கர் என்பதை உய்த்துணர்ந்தார். மெல்ல மெல்ல மக்கள் அவரை இனங்கண்டு கொண்டனர். யாழ்ப்பாணத்தை அடுத்த சில்லாலை என்னும் ஊரார் அவரை மறைவாக வைத்துப் பேணினர். பகலில் ஒளிந்தும் இரவில் ஊர்ஊராக நடந்தும் அவர் தம் கடமையை ஆற்றினார்.

ஒரே குரு, ஒளிந்து திரியும் குரு, நாடு முழுவதற்கும் எங்ஙனம் போதுவார்? அடிகளார் இதற்கொரு வழி கண்டார். ஒவ்வோர் ஊரிலும் நல்லொழுக்கமும் அறிவும் வாய்ந்த இல்லறத்தாரைத் தேர்ந்து, அவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். ஊர்ச் சபையைக் கூட்டி நடத்துபவர் மூப்பர் எனப்பட்டார். செபமும் மறைநூற் பாடமும் சொல்லிக் கொடுப்பவர் அண்ணாவியார் எனப்பட்டார். குரு வர இயலாத காலத்தில் அண்ணாவியாரே மக்களைக் கூட்டி வழிபாடு நடத்துவார். பிறந்த குழவிக்கு ஞானநீர் வார்ப்பார். சாகுந் தறுவாயில் உள்ளார் பக்கத்தில் அமர்ந்து ஆறுதல் சொல்வார். குருவைச் சிறைப்படுத்தலாம், ஊர்தோறும் வேரூன்றிய இவ்வமைப்பை எவ்வாறு சிறைப்படுத்துவது? அடிகளார் கொண்ட நம்பிக்கை இதுவே.

அந்நம்பிக்கைக்குச் சோதனையும் விரைவில் வந்தது. 1689ஆம் ஆண்டு கிறித்து பிறப்பு விழா இரவில், வழிபாட்டிற்காகக் கூடியிருந்த மக்களை ஒல்லாந்தரின் படைவீரர் வளைத்துக்கொண்டனர். அடிகளார் அவர் கையில் அகப்படவில்லை. எனினும் மக்கள் பலர் சிறையிடப்பட்டும் அடியுண்டும் துன்புற்றனர். தம்மால் மேலும் பலர் துயருறுதல் தகாது எனக் கருதிய அவர், 1690ஆம் ஆண்டளவில் கண்டி அரசுக்கு உட்பட்டிருந்த புத்தளத்திற்குச் சென்றார். அவர் நீங்கிய பின்னும் யாழ்ப்பாணத்து ஊர்களில் அண்ணாவிமார் தம் பணியை விட்டிலர்.

இலங்கையின் நடுவே மலைகள் சூழ விளங்கிய கண்டி அரசு ஒல்லாந்தர்க்கு அடங்காதது. இரண்டாம் விமலதர்மசூரியன் என்னும் வேந்தன் அப்போது அதனை ஆண்டான். 1692ஆம் ஆண்டில் அடிகளார் கண்டியை நோக்கிச் சென்றபோது, அவர் போர்த்துக்கீசியரின் ஒற்றர் என்று பகைவர் சிலர் மன்னனிடம் கூறினர். மன்னன் அவரையும் உடன் வந்தோரையும் சிறையிலிட்டான். அடிகளார் மனம் கலங்கினாரல்லர். சிறையிருந்த நாளைச் சிங்கள மொழி கற்கும் நாளாக்கிக் கொண்டார். காவலர் அவர்தம் அடக்கத்தையும் அமைதியையும் கண்டு வியந்தனர். நாளடைவில் மன்னனின் ஐயமும் நீங்கிற்று. அடிகளார் விடுதலை பெற்று, கண்டி நகரிலேயே தங்கி வெளிப்படையாகப் பணியாற்றும் உரிமையும் பெற்றார். அவர்க்கு உறுதுணையாகக் கோவாவிலிருந்து துறவியர் சிலரும் வந்து சேர்ந்தனர். அவருள் ஒருவர் அடிகளாரின் உறவினராகிய யோசேவ் கர்வாலோ.

1697ஆம் ஆண்டு கண்டி நகரத்தைப் பெரியம்மை தாக்கியது. மாணவர்களே, இந்நோயின் கொடுமையை நீங்கள் கண்டதில்லை. இதற்குரிய அம்மைப்பால் குத்தும் முறையை எட்வர்டு ஜென்னர் என்னும் ஆங்கில மருத்துவர் கண்டறிந்தது 1796ஆம் ஆண்டில்தான். உலகினின்றும் இந்நோய் அறவே ஒழிந்தது என உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980ஆம் ஆண்டில்தான். 1697இல் இதற்குத் தடுப்பும் இல்லை. தகுந்த மருந்தும் இல்லை. நோயாளியின் மூச்சினாலும் கொப்புளங்களின் நீராலும் அவன் உடுத்த துணியாலும் அது பிறர்க்குத் தொற்றும். தப்பிப் பிழைத்தோர் சிலர் கண்ணொளி இழந்தனர். முகம் முழுதும் வடுக்கொண்டு வாழ்ந்தனர்.

நோயினும் கொடியது அச்சம். அம்மை கண்டவரை அவர்தம் சுற்றத்தாரே காட்டிற் கொண்டுபோய் விட்டு மீண்டனர். ஈன்ற தாயும் பிள்ளையைத் தொட அஞ்சினாள். மன்னனும் அரசவையினரும் நகரை விட்டு வேற்றிடம் சென்றனர். செல்வர் தத்தம் மாளிகைகளை அடைத்துவிட்டு அகன்றனர். வழியில்லாத ஏழையரே நகரில் எஞ்சினர். புதைப்பாரின்றிப் பிணங்கள் கிடந்தன.

அடிகளாரும் கர்வாலோவும் நகரை விட்டு நீங்கவில்லை. காட்டிற் கைவிடப்பட்டவர்க்குக் குடிசைகள் அமைத்தனர். ஆளின்றிக் கிடந்த வீடுகளை நோயாளர் தங்கும் மருத்துவ மனைகளாக மாற்றினர். நாள்தோறும் சென்று புண்களைக் கழுவினர். உணவு சமைத்து ஊட்டினர். நீர் முகந்து கொடுத்தனர். இறந்தோரைத் தம் கையாலேயே குழிதோண்டி அடக்கஞ் செய்தனர். அவர் நோயாளியை அணுகியபோது, நீ எச்சமயத்தான் என்று வினவினாரல்லர். பௌத்தரும் கத்தோலிக்கரும் பிறரும் அவர்க்கு ஒருபடித்தாகவே தோன்றினர். முன்னொருநாள் யாழ்ப்பாணத்தில் முன்பின் அறியாத பெண்மணி ஒருவர் கஞ்சி ஊட்டித் தம்மைப் பிழைப்பித்த செயலை, அவர் இப்போது ஒரு நகரத்திற்கே செய்தார்.

நோய் தணிந்தது. மன்னன் நகர்க்கு மீண்டான். இம்முனிவர் இல்லையாயின் நகரத்துத் தெருக்கள் பிணக்காடாகவே இருந்திருக்கும் என்னும் கருத்துப்பட அவன் பாராட்டியதாக வரலாறு கூறும். அவ்வேந்தன் புத்த சமயத்திற் பற்றுடையவன். அதே 1697ஆம் ஆண்டில் அரக்கன் நாட்டிலிருந்து பிக்குகளை வரவழைத்துத் தன் நாட்டுச் சங்கத்தைப் புதுப்பித்தவன். அத்தகையோன் வேற்றுச் சமயத்துத் துறவியின் தொண்டை மதித்துப் போற்றினான் என்றால், கொடுத்தவர் பெருமையோடு கொண்டவன் பெருந்தன்மையும் நாம் எண்ணத்தக்கது.

அதன்பின் அடிகளார் கண்டி நாட்டினும் ஒல்லாந்தர் ஆட்சிப் பகுதியினும் ஊர்ஊராகக் கால்நடையாகவே சென்று, மூப்பரையும் அண்ணாவியாரையும் கொண்ட ஊரமைப்புகளை நிறுவினார். 1705ஆம் ஆண்டில் யாக்கோமே கொன்சால்வெஸ் என்னும் துறவி கோவாவிலிருந்து வந்து அவருடன் சேர்ந்தார். தமிழ், சிங்களம் ஆகிய இருமொழியிலும் நூல்கள் பல இயற்றிய புலவர் இவர். ஊரமைப்பை நிறுவியவர் வாஸ் அடிகளார். அவ்வமைப்பினர் கையில் ஓதுதற்குரிய ஏட்டைக் கொடுத்தவர் கொன்சால்வெஸ் அடிகளார். ஆயர் பதவி ஏற்குமாறு வாஸ் அடிகளாரை மேலிடத்தார் வேண்டியபோது, அவர் அதனை மறுத்து, எளிய குருவாகவே இருக்க விழைந்தார்.

இலங்கையில் அடி வைத்த நாள் முதல் அடிகளார் தாய்நாட்டிற்கு மீண்டதில்லை. ஓயாத உழைப்பால் உடல் தளர்ந்து நோய்வாய்ப்பட்ட அவர், 1711ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 16ஆம் நாள் கண்டியில் உயிர் நீத்தார். அப்போது அவர்க்கு அகவை ஐம்பத்தொன்பது. 2015ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 14ஆம் நாள் கொழும்பு நகரிற் போப்பாண்டவர் பிரான்சிசு அவரைப் புனிதர் என அறிவித்தார்.

அடிகளார் மறைந்த பின் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக, 1796ஆம் ஆண்டு வரை, ஒல்லாந்தர் ஆட்சி அத்தீவின் கரையோரத்தில் நிலவியது. எனினும் கத்தோலிக்க மக்கள் சிதறிப் போகவில்லை. பின்வந்த துறவியரும் ஊர்தோறும் இருந்த மூப்பரும் அண்ணாவியாரும் அவரைத் தாங்கி நின்றனர். தனியொருவர் ஆற்றும் தொண்டு அவரது ஆயுளோடு முடிந்துவிடக் கூடும். ஊரார் ஒன்றுகூடித் தமதாக்கிக் கொண்ட தொண்டோ தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வரும். அஞ்சி ஒதுங்கும் காலத்தில் அருகிற் சென்று நிற்றலும், தாம் இல்லாத காலத்தும் அப்பணி நடைபெறுமாறு பிறரைப் பழக்குதலும் ஆகிய இரண்டுமே யோசேவ் வாஸ் அடிகளார் நமக்கு விட்டுச் சென்ற செல்வங்கள். எச்சமயத்தாராயினும் எவ்வூராராயினும் இவற்றை நாம் போற்றிக் கைக்கொள்வோமாக.