எண்ணெய் மன்னரிடம் கணக்குக் கேட்ட எழுதுகோல்

அமெரிக்காவிலே எண்ணெய் உலகின் முடிசூடா மன்னராக விளங்கியவர் ராக்பெல்லர். அவரது ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியைக் கண்டு அஞ்சாதார் சிலர். அந்தச் சிலரிலே ஒருவர், ஐடா டார்பெல் என்னும் பெண்மணி.

1857-இல் பென்சில்வேனியாவிலே பிறந்தார். தந்தை எண்ணெய்த் தொட்டி செய்து பிழைத்தவர். 1872-இல் ராக்பெல்லர் கூட்டத்தாரும் ரயில்வே முதலாளிகளும் இரகசிய ஒப்பந்தம் செய்தனர். சரக்குக் கட்டணம் எல்லோருக்கும் உயரும். கூட்டாளிகளுக்கு மட்டும் ஒரு பகுதி திரும்பி வரும். போட்டியாளன் கட்டிய கட்டணத்திலும் அவர்களுக்குப் பங்கு! எண்ணெய் வட்டாரமே கொதித்தெழுந்தது, ஒப்பந்தம் கலைந்தது. ஆனால் கள்ளச் சலுகை தொடர்ந்தது; சிறு தொழில்கள் நசுங்கின.

பதினான்கு வயதில் இதைக் கண்டவர், வளர்ந்தபின் வசை பாடவில்லை, ஏடுகளைப் புரட்டினார். நீதிமன்றச் சாட்சியங்களையும் விசாரணைக் குழு அறிக்கைகளையும் தேடிப் படித்தார். கம்பெனியின் பெரும்புள்ளி ரோஜர்ஸையே நேரில் கண்டு கேள்வி கேட்டார். வேண்டாம் என்று தந்தையே தடுத்தும் தயங்கவில்லை. 1902 முதல் மக்ளூர்ஸ் இதழில் 19 கட்டுரைகள் வந்தன. ராக்பெல்லரின் திறமையையும் அவர் மறைக்கவில்லை. அதனாலேயே குற்றச்சாட்டு வலுத்தது.

பின்னர் அரசு வழக்குத் தொடுத்தது. 1911-இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பால் அந்தக் கம்பெனி 34 ஆகப் பிரிந்தது. டார்பெல் 1944-இல் மறைந்தார்.

நம் உத்திரமேரூர்க் கல்வெட்டிலே, கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினருக்கும் குடவோலையில் இடமில்லை. நிலமும் வேதமும் இல்லாத உழவனுக்கும் இடமில்லை என்பது அதன் குறை. அந்தக் குறையை நாம் தள்ளுவோம். கணக்குக் கேட்கும் உரிமையைக் கொள்வோம். தோழர்களே, நம் முழக்கத்தின் பின்னே ஆதாரம் நிற்கட்டும்!